தொப்பிக்குட்டியன் கரையேறிய கதை

ஷர்மிளா லப்டொப் வயரைச் செருகுகிறாள், கழற்றுகிறாள், வாயால் ஊதுகிறாள், மறுபடி செருகுகிறாள். சுவரில் கட்டியிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பில் நீல வெளிச்சம் மட்டும்தான் விழுகிறது. வாசிகசாலை மண்டபத்தில் கதிரை போதாமல் ஆட்கள் யன்னல் கட்டுகளில் ஏறி இருந்துவிட்டார்கள். பின்னேர வெயில் உள்ளே வராமல் இருக்க யாரோ சாக்குகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டிருந்தார்கள். மண்டபம் முழுக்க அரிசிச் சாக்கு மணம்.

முன்வரிசையில் என் அப்பா. எண்பதைத் தாண்டிய மனிதர், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பூட்டிக்கொண்டு, கலியாண வீட்டுக்கு வந்தவர்போல நிமிர்ந்து இருக்கிறார். அவருக்கு இரண்டு கதிரை தள்ளி என் தலையைக் கொய்ய வந்த மனிதர், கிண்ணியா நளீம்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? கதவடியில். தோற்றால் ஓடுவதற்கு வசதியாக.

இந்தத் தொடரை நான் மேற்கொண்டு எழுதுவதா, மூட்டை கட்டுவதா என்பதை அந்தப் படுக்கை விரிப்பில் வரப்போகும் ஒரு கறுப்புக் குட்டிப் பிராணிதான் தீர்மானிக்க இருந்தது. சிரிக்காதீர்கள். என் வாய் என்னை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தது.

ஆடா, கழுதையா?

இந்த வாரம்தான் முதல் முறையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு தியேட்டரில் படம் ஓட்டிய ஒப்பரேட்டர். நான் பிற்காலத்தில் டெலிபோன் ஒப்பரேட்டர். ஊரில் எங்களை ‘ஒப்பரேட்டர் வீட்டுக்காரர்’ என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு சத்திர சிகிச்சையும் நடந்ததில்லை என்பதை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்கிறேன்.

பெரிய படத்துக்கு முன்னால் அப்பா ஒரு சின்னக் கார்ட்டூன் போடுவார். கறுப்பு வெள்ளை, சத்தமே கிடையாது. வெள்ளைக்காரரின் கடற்படைக் காலத்தில் மாலுமிகளுக்குக் காட்டக் கப்பலில் வந்த டப்பாக்களில் ஒன்று. வந்தவர்கள் போய்விட்டார்கள், டப்பா தங்கிவிட்டது. படத்தின் பெயர் வரும் இடம் எப்போதோ அறுந்து தொலைந்ததால் அதில் வரும் பிராணிக்கு என்ன பெயர் என்று ஒருவருக்கும் தெரியாது.

என்ன பிராணி என்பதும் தெரியாது. காது கழுதை மாதிரி, வால் நாய் மாதிரி, நடை எங்கள் கணக்கு வாத்தியார் மாதிரி. என் அண்ணன் ஆடு என்றான். நான் கழுதை என்றேன். இதற்காக நாங்கள் ஒருவரை ஒருவர் கிள்ளிய தழும்பு இன்னும் இருக்கிறது. ஊர் இந்த வம்புக்கே போகாமல், தலையில் ஒரு தொப்பியுடன் திரியும் குட்டி என்பதால் ‘தொப்பிக்குட்டியன்’ என்று பெயர் வைத்துவிட்டது.

கதை சின்னது. படம் தொடங்கும்போதே குட்டியன் கப்பல் தளத்தில் நிற்பான். கொடியில் காயும் மாலுமித் தொப்பி ஒன்றைக் களவெடுத்துப் போட்டுக்கொள்வான். அவன் எப்படிக் கப்பலுக்கு வந்தான் என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. துறைமுகத்து ஊரில் கப்பலில் ஒருத்தன் நிற்பது ஒரு கேள்வியா? பிறகு கப்டனின் சோற்றைத் தின்பான், கப்டனின் தாடியில் தூங்குவான். கப்டன் ஒரு உதை விடுவார். குட்டியன் கடலில். தண்ணீரின் மேல் தொப்பி மட்டும் மிதக்கும்.

தியேட்டர் மூச்சு விடாது.

அப்போது வெறுந்தலையோடு குட்டியன் நங்கூரச் சங்கிலியைப் பிடித்து மேலே ஏறுவான். தளத்தில் நின்று உடம்பை உதறுவான். எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டுவான். அவ்வளவுதான், விசிலில் கூரைத் தகரம் கழன்றுவிடும்.

பேச்சு வந்ததும் சோறு போனது

இந்தக் குட்டியனின் பூர்வீகம் எனக்குப் போன வருடம்தான் தெரிந்தது, அதுவும் என் எதிரியின் வாயால். அந்தக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைச் சூட்டில் மறந்துவிடுவேன்.

நூறு வருடத்துக்குக் கிட்ட, தூரத்து நாடொன்றில், ஒரு மாடி அறையில் நாலைந்து பேர் இருந்து தாள் தாளாகக் குட்டியனைக் கீறியிருக்கிறார்கள். ஒரு கால் தூக்கினால் ஒரு தாள், வைத்தால் இன்னொரு தாள். உடம்பைக் கறுப்பாக வைத்தது அழகுக்காக இல்லையாம். கறுப்பு மையை அப்பிவிட்டால் கோணல் கோடுகள் தெரியாதாம். என் தையல் ரீச்சரும் இதே காரணத்துக்காகத்தான் எனக்குக் கறுப்பு நூல் தந்தவ.

குட்டியன் கொஞ்சக் காலம் நன்றாக ஓடியிருக்கிறான். பிறகு படங்களுக்குப் பேச்சு வந்தது. மற்றப் பிராணிகள் எல்லாம் பாடத் தொடங்கின. இவனுக்குக் குரல் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. கீறுவதை நிறுத்திவிட்டார்கள். கொம்பனி கை மாறியது, டப்பாக்கள் குப்பைக்குப் போயின. முதலில் கீறியவர் யார் என்பதில்கூட இன்றுவரை இழுபறியாம். பாவம், தாய் தகப்பன் தெரியாத பிள்ளை. எங்கள் ஊரில் மட்டும் அவன் பேச்சு வந்த பிறகும் பல வருடம் விசில் வாங்கிக்கொண்டு உயிரோடு இருந்திருக்கிறான்.

என் வாய்

போன வருடம், மாரி தொடங்கும் முன்னர் என்று நினைக்கிறேன், இந்தத் தொடரில் குட்டியனைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். கடலில் இருந்து ஏறிவரும் முடிவைக் கொஞ்சம் நெகிழ்ந்தே எழுதிவிட்டேன். அடுத்த கிழமை ஆசிரியர் எனக்கு ஒரு குரல் பதிவை அனுப்பினார். வெளிநாட்டில் இருந்து ஒரு வாசகர்.

“வணக்கம். நான் நளீம், சொந்த இடம் கிண்ணியா. நீங்க எழுதினது பிழை. அந்தப் பிராணி கடலில இருந்து வாறேல்ல. தொப்பி மிதக்கிறதோட படம் முடியுது. இங்க ஒரு பழைய படக் காப்பகத்தில முழுசாக் கிடைச்சதைத் திருத்திப் போட்டவங்க, என்ட கண்ணால பார்த்தனான். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதப்படாது.”

எழுதப்படாதாம்! எனக்கு உச்சந்தலையில் ஏறியது. அந்தப் படத்தை நான் இரட்டைப் பின்னலில் இருந்து தாவணி வரை பார்த்தவள். ஓட்டியவர் பெற்ற மகள். அந்தச் சூட்டிலேயே அடுத்த இதழில் எழுதிப்போட்டேன்: குட்டியன் கரையேறியது உண்மை, இல்லை என்று யாராவது ஊர் முன்னால் காட்டினால் இந்தத் தொடரை அன்றைக்கே நிறுத்துவேன்.

“அக்கா, சூடு பிடிச்சிட்டுது!” என்று ஆசிரியர் போனில் குதித்தார். தொடர் நின்றால் என் பக்கத்தில் என்ன போடுவது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை. வேலையில் இருந்து ஓய்ந்த பிறகு இந்த ஒரு பக்கம்தான் என்னைக் கிழமைக்கு ஒருமுறை மனுசியாக்கி வைத்திருந்தது. அதைத் தூக்கிப் பந்தயத்தில் வைத்துவிட்டேன் என்பது அச்சில் பார்த்த பிறகுதான் உறைத்தது.

நளீம் உடனே பதில் அனுப்பினார். கிண்ணியாவில் தங்கச்சி மகளின் கலியாணத்துக்கு வருகிறாராம். வரும்போது படத்தையும் கொண்டுவருகிறாராம். ஊர் முன்னால் போடுவோமாம்.

பசை தின்னும் மான்கள்

வாசிகசாலையில் இடம் கேட்டோம், தந்தார்கள். எதிர்வீட்டு ஷர்மிளா, பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிறவள், லப்டொப்போடு வருவதாகச் சொன்னாள். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்து, கையால் எழுதிய விளம்பரங்களை மதில்களில் ஒட்டினேன். மறுநாள் காலை ஒன்றையும் காணவில்லை. எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள் நக்கித் தின்றுவிட்டன. வேறு ஊர்களில் விளம்பரத்தை எதிர்க்கட்சி கிழிக்கும், இங்கே மான் கிழிக்கும்.

இரண்டாவது முறை மான் எட்டாத உயரத்தில் ஒட்டினேன். மனிதருக்கும் எட்டவில்லை. ஆனாலும் செய்தி எப்படியோ பரவிவிட்டது. “எங்கட குட்டியனைப் போடுறாங்களாம்” என்று நிலாவெளியில் இருந்தும் கப்பல்துறையில் இருந்தும் பஸ் பிடித்து வர ஆட்கள் தயாரானார்கள்.

படம் போடுவதற்கு முதல் நாள் நளீம் ஷர்மிளாவுக்குப் படத்தை அனுப்பியிருந்தார், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க. அவள் போனைத் தூக்கிக்கொண்டு நேரே என் குசினிக்கு வந்தாள். நான் சொதிக்குத் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது.

“அன்ரி, இருந்து பாருங்கோ.”

அவள் கடைசிக் காட்சியைப் போட்டாள், பார்த்தேன். கப்டன் உதைத்தார். குட்டியன் விழுந்தான். தொப்பி மிதந்தது. திரை கறுத்தது.

“மிச்சம்?”

“மிச்சம் இல்லை அன்ரி. முடிஞ்சுது.”

“திரும்பப் போடு பார்ப்பம்.”

அவள் முதலில் இருந்து போட்டாள். முதல் காட்சியே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. வெறுந்தலையோடு குட்டியன் கடலில் இருந்து நங்கூரச் சங்கிலியைப் பிடித்து ஏறுகிறான். உதறுகிறான். பல்லைக் காட்டுகிறான். பிறகு தளத்தில் நடந்துபோய்க் கொடியில் காயும் தொப்பியை எடுக்கிறான். எங்கள் முடிவு, அவர்களுடைய தொடக்கம்!

அடுப்பில் சொதி திரைந்து போயிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அப்பாவிடம் போனேன்.

ஆணியில் தொங்கிய துண்டு

அப்பா சாய்மனைக் கதிரையில் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு கிடந்தார்.

“அப்பா, குட்டியன்ர படத்தை வெட்டினீங்களோ?”

“வெட்டேல்லை. ஒட்டினனான்.”

இவ்வளவு காலமும் கேட்காத கேள்விக்கு மனிதர் கண்ணைக்கூடத் திறக்காமல் பதில் சொல்கிறார்! ரேடியோவைப் பிடுங்கி மூடினேன்.

“முன்துண்டு கிழிஞ்சு போச்சு,” என்றார். “ஒவ்வொரு நாளும் மெசினில கொளுவுற முனை தானே, அதுதான் முதலில சாகும். அந்தக் கிழமை பசையும் இல்லை. துண்டை ஆணியில தொங்கவிட்டுட்டு மிச்சத்தை ஓட்டினன்.”

அந்தப் பசையை எனக்குத் தெரியும். நகப்பூச்சு மணக்கும். அப்பா வேலையால் வந்தால் விரல் பத்திலும் அந்த மணம்தான். “எவளோட சுத்திப்போட்டு வாறியள்?” என்று அம்மா வேண்டுமென்றே எங்கள் முன்னால் கேட்பா. அப்பா வெட்கப்படுவார்.

“பிறகு?”

“பிறகென்ன, தொப்பி மிதந்துது, முடிஞ்சுது. பெரிய படத்தைத் தொடங்கப் போறன், சனம் கத்துது. நிலாவெளிக் கரைவலைக்காரர் ஒரு வரிசை முழுக்க இருந்தவங்கள். ஒருத்தன் கதிரையில ஏறி நிண்டு என்ர மெசின் அறை ஓட்டையைப் பார்த்துக் கத்துறான். ‘ஒப்பரேட்டர்! ஆளைக் கடலில விட்டுட்டு மற்றப் படத்தை என்னெண்டு பாக்கிறது?’ எண்டு.”

“கார்ட்டூன் எண்டு தெரியாதோ அவங்களுக்கு?”

“தெரியும். தெரிஞ்சால்? நீயும் நிலாவெளிக் கரையில நிண்டு பார்த்தனி தானே. ஒரு தோணி வரேல்லை எண்டால் கரையில நிக்கிற ஒருத்தரும் அசையமாட்டினம். சொந்தமோ பகையோ, ஆள் வந்தாப் பிறகு தான் எல்லாரும் வீட்டை போவினம். அவங்களுக்குப் பழக்கம் அது. எனக்கும் மனசுக்குச் சரியில்லை. பசை வந்த உடன ஆணியில கிடந்த துண்டை எடுத்துக் கடைசியில ஒட்டிவிட்டன். அடுத்த கிழமை திரும்பி வந்து பார்த்தாங்கள். என்ன கைதட்டல்!”

“முதலாளி ஒண்டும் சொல்லேல்லையோ?”

“முதலாளி என்ன, படமோ பாக்கிறவர்?”

“அப்பா, நான் என்ர தொடரையெல்லோ பந்தயம் வச்சிட்டன்!”

அப்பா இப்போதுதான் கண்ணைத் திறந்து பார்த்தார். “அது உன்ர வாய், பிள்ளை. என்ர பசை இல்லை.”

திரும்பி வந்தால் ஷர்மிளா இன்னும் குசினியில். கதையைச் சொன்னதும் அவளுக்குக் கண் மின்னியது. “அன்ரி, கொம்பியூட்டரில இது ஒரு நிமிச வேலை. முன்னுக்கு இருக்கிறதை வெட்டிப் பின்னுக்கு ஒட்டிவிடட்டோ? ஐயா செய்தது தானே?”

ஒளிப்பானேன், வாய் வரை ‘ஓம்’ வந்துவிட்டது. என் தொடர், என் பக்கம், என் மரியாதை எல்லாம் அவள் விரல் நுனியில் நின்றது. ஆனால் அப்பா ஒட்டியது சனம் கேட்டதற்காக. நான் ஒட்டினால் எனக்காக மட்டும். அது களவு.

“வேண்டாம் பிள்ளை. வந்தபடி போடு.”

அன்றைக்குத் திரைந்த சொதியைத்தான் சாப்பிட்டோம்.

தொப்பி மிதந்தது

ஷர்மிளாவின் வயர் கடைசியில் பிடித்துக்கொண்டது. நீலம் போய்க் கறுப்பு வெள்ளை வந்தது.

குட்டியன் முதல் காட்சியிலேயே கடலில் இருந்து ஏறி வந்ததும் மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. “என்னப்பா, முடிவை முதலே போட்டிட்டாங்கள்!” என்று ஒரு பெரியவர் சத்தமாகவே குறைப்பட்டார். “ரீல் மாறிப் போச்சுப் போல” என்றது இன்னொரு குரல். ஆனால் குட்டியன் தொப்பியைக் களவெடுத்ததும் சிரிப்பு எல்லாவற்றையும் மூடிவிட்டது. சோறு தின்றான், சிரித்தார்கள். தாடியில் தூங்கினான், சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. படம் ஆடாமல் நிற்கிறதா என்று ஒப்பரேட்டர் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்டன் உதைத்தார். குட்டியன் கடலில்.

தொப்பி மிதந்தது. திரை கறுத்தது. படுக்கை விரிப்பு மறுபடி வெறும் நீலமானது.

நான் தோல்வியை ஒத்துக்கொள்ளும் வசனத்தை மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். முன்னுக்குப் போய் அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மண்டபத்தில் ஒருவரும் எழும்பவில்லை. கைதட்டவில்லை. ஒரு கதிரைகூட இழுபடவில்லை. மேலே மின்விசிறி கிறீச்சிடும் சத்தம் மட்டும். எல்லாரும் அந்த நீல விரிப்பைப் பார்த்தபடி இருந்தார்கள், இன்னும் ஏதோ வரவேண்டியிருக்கிறது என்பதுபோல.

அப்போது ஒரே ஒரு கதிரை அசைந்தது. நளீம் எழுந்து நின்றார். வெற்றிப் பேச்சு வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்தேன். மனிதர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“பிள்ளை,” என்றார் ஷர்மிளாவிடம், “அந்த முதல் துண்டை இன்னொருக்காப் போடுங்க. ஏறி வாற இடத்தை.”

“படம் முடிஞ்சுது சேர்.”

“முடியேல்ல. ஆள் தண்ணிக்குள்ள கிடக்கு.”

மண்டபம் ஒரே குரலாக ஆமோதித்தது. “ஓம் ஓம், போடு பிள்ளை! போடு!” ஷர்மிளா பதறிப்போய் கொம்பியூட்டர் எலியை இங்கும் அங்கும் இழுத்தாள். அந்த இடைவெளியில் நளீம் என்னைப் பார்த்தார். அவருடைய கண் சிவந்திருந்தது.

“அக்கா, நானும் பார்த்தனான். வாப்பாவோட பாதைப் படகில ஏறி அந்தக் கரையில இருந்து இங்க வந்து பார்த்தனான். ஏறி வந்தது. அங்க போய்ப் பார்த்தா வரேல்ல. பக்கத்தில இருந்த வெள்ளைக்காரங்க கைதட்டிட்டு எழும்பிப் போறாங்க, எனக்கு எழும்ப ஏலாமப் போச்சு. அப்ப நான் பார்த்தது பொய்யா எண்டு. வாப்பாவும் மௌத்தாகிட்டார், யாரிட்டப் போய்க் கேக்கிற? உங்கட தொடரை வாசிச்சதும் கோபம் கோபமா வந்தது. நீங்க சண்டை பிடிச்சு, நான் பிழை எண்டு காட்டுவீங்க எண்டு தான் இவ்வளவு தூரம் வந்தனான்.”

இவ்வளவு நாளும் இந்த மனிதரை நான் மனதுக்குள் என்னென்ன சொல்லித் திட்டியிருப்பேன்! தோற்க ஆசைப்பட்டு வந்திருக்கிறார்.

“உங்கட கண் பிழையில்லை, நளீம் நானா,” என்றேன். “உங்கட வாப்பா காட்டினதும் பிழையில்லை. அந்தத் துண்டைக் கடைசியில ஒட்டினது இவர் தான்.” அப்பாவைக் காட்டினேன்.

நளீம் குனிந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்பாவோ, “கொஞ்சம் விலகும் தம்பி, திரை மறைக்குது” என்றார்.

“தொடர்?” என்று நான் கேட்டேன். கேட்காமல் எப்படி?

“நிப்பாட்டிப் பாருங்க, நான் கிண்ணியாவால திரும்பிப் போகமாட்டன்.”

விரிப்பில் கடல் வந்தது. நங்கூரச் சங்கிலி ஆடியது. முதலில் ஒரு கறுப்புக் கை, பிறகு இரண்டு காது, பிறகு வெறுந்தலை. குட்டியன் ஏறினான். நூறு வருடத்துக்கு முன்னர் எந்தத் தாளில் அவன் காலைத் தூக்கினானோ அந்தத் தாளில் தூக்கி, தளத்தில் வைத்து, உடம்பை உதறி, எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். விசிலில் சாக்குகள் அவிழ்ந்து விழுந்து வெயில் உள்ளே வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் கதிரைகள் இழுபடத் தொடங்கின. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றார்.

“சரி பிள்ளை, ஆள் வந்திட்டுது,” என்றார். “இனி வீட்டை போவம்.”